"நன்றி சிஸ்டர்" என்பதற்கு அப்புறம்: மார்பகப் புற்றுநோய்ச் செவிலியரை முறையாகப் பாராட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்காவுக்கு அன்று இரண்டாவது கீமோ. டாக்சோரூபிசின் என்ற மருந்து. நிறத்தை வைத்து எல்லோரும் சிவப்பு மருந்து என்றுதான் சொல்வார்கள். சிஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பெரிய சிரிஞ்சில் கையாலேயே மெல்ல மெல்லச் செலுத்திக்கொண்டிருந்தார். கொஞ்சம் செலுத்துவார், நிறுத்துவார், சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார், மறுபடி செலுத்துவார். பாதி ஏறியிருக்கும். சொல்லலாமா வேண்டாமா என்ற தயக்கத்தோடு அக்கா, "லேசா எரியற மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டரின் கை அப்படியே நின்றது. பின்னுக்கு இழுத்தார், ரத்தம் வரவில்லை. ஊசியைப் பிடுங்கவில்லை, அதன் வழியாகவே, கசிந்த மருந்தை முடிந்தவரை உறிஞ்சி எடுத்தார். சிவந்திருந்த இடத்தைச் சுற்றித் தோலில் பேனாவால் ஒரு கோடு போட்டார். மருத்துவரைக் கூப்பிட்டார், குளிர் ஒத்தடம் வைத்தார், கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தார். "நீங்க சொன்னது ரொம்ப நல்லதா போச்சும்மா. இனிமே துளி எரிஞ்சாலும் உடனே சொல்லணும்" என்றார். மீதி மருந்தை முடித்து நாங்கள் வெளியே வர மாலையாகிவிட்டது. இவ்வளவு தாமதமா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடுத்த சுற்றுக்குப் போனபோது மருத்துவர் கையைப் பார்த்துவிட்டு விளக்கினார். அந்த மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதையே செத்துப்போகும். புண்ணாகி, தோலை ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை வரைக்கும் போகலாம். அக்காவின் கையில் மிஞ்சியது மங்கலான ஒரு தழும்பு மட்டும். அன்றிரவே கடிதம் எழுத உட்கார்ந்தேன். அந்த சிஸ்டரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. மாஸ்க் போட்ட முகம், பேனா வட்டம், "நல்லதா போச்சும்மா" என்ற குரல், இவ்வளவுதான் நினைவில் இருந்தது. "ஒரு சிஸ்டர்" என்று எழுதிய கடிதம் யாருடைய கோப்பிலும் போய்ச் சேராது.

நான் தவறவிட்டதை நீங்கள் தவறவிட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நோயாளிகள், குடும்பத்தினர், உடன் வேலை செய்பவர்கள், மருத்துவமனையிலோ நோயாளிகள் அமைப்பிலோ பாராட்டு நிகழ்ச்சி நடத்த நினைப்பவர்கள் என்று எல்லோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

படி 1: அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று முதலில் கண்திறந்து பாருங்கள்

செவிலியரைப் பாராட்டும் பேச்சில் எப்போதும் வரும் சொற்கள்: அன்பு, பொறுமை, புன்னகை, தியாகம். எல்லாம் உண்மைதான். ஆனால் அக்காவின் கையைக் காப்பாற்றியது புன்னகை இல்லை. ஊசியைப் பிடுங்கக் கூடாது என்று தெரிந்த அறிவு அது. "எரியுது" என்ற சொல்லை வழக்கமான முனகல் என்று தள்ளிவிடாத பயிற்சி அது. ஒருவரின் குணத்தை மட்டும் புகழ்ந்து, அவர் கற்ற வித்தையை விட்டுவிட்டால் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, 6.7 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். பயாப்சியில் தொடங்கி அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு, அப்புறம் பலருக்கு 5 முதல் 10 ஆண்டு மாத்திரை என்று நீளும் இந்தப் பாதையில், மருத்துவரைப் பார்க்கும் நேரம் நிமிடக் கணக்கு. செவிலியரோடு இருக்கும் நேரம் மணிக் கணக்கு. அந்த நேரத்தில் கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன்.

கீமோ தொடங்குவதற்கு முன் இரண்டு செவிலியர்கள் சேர்ந்து நின்று நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு, ஏற வேண்டிய வேகம் ஆகியவற்றை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பார்கள். நமக்கு அது சடங்கு மாதிரி தெரியும். உயரம், எடை இரண்டையும் வைத்து ஒவ்வொருவருக்கும் தனியாகக் கணக்கிட்ட அளவு அது. தவறினால் திருப்பி எடுக்க முடியாது.

பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து முதல்முறை ஏறும்போது சிஸ்டர் நகராமல் பக்கத்திலேயே நிற்கிறாரா? அந்த மருந்துக்கு ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களில்தான் வரும். முகம் சிவப்பது, மூச்சு இறுகுவது, முதுகு வலிப்பது எல்லாவற்றையும் அவர் எதிர்பார்த்துக்கொண்டே, உங்களோடு சாதாரணமாகப் பேச்சும் கொடுத்துக்கொண்டிருப்பார்.

மார்பகத்தை எடுத்த பிறகு நெஞ்சோரம் தொங்கும் டிரெய்ன் குழாய், அதாவது உள்ளே சேரும் திரவத்தை வெளியேற்றும் குழாய், வேறொரு உலகம். அதை எப்படிக் காலி செய்வது, எத்தனை மில்லி என்று எப்படிக் குறிப்பது, நிறம் எப்படி மாறினால் பயப்பட வேண்டும், குளிக்கும்போது எங்கே மாட்டிக்கொள்வது என்றெல்லாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் செவிலியர். பல இடங்களில் ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கியதும் குழாயை எடுப்பார்கள். அதுவரை வீட்டில் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் நாள் நகரும்.

கட்டைப் பிரித்து, தையல் போட்ட நெஞ்சை நோயாளி முதல்முறை பார்க்கும் நேரமும் இருக்கிறது. நல்ல செவிலியர் அதை அவசரப்படுத்த மாட்டார். "இன்னைக்கே பார்க்கணும்னு இல்ல. நீங்க சொல்லும்போது பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, அவர் பார்க்கும் வரை பக்கத்தில் நிற்பார். எந்த அறிக்கையிலும் பதிவாகாத வேலை இது. உங்கள் கடிதத்தில் மட்டும்தான் பதிவாக முடியும்.

இன்னும் இருக்கிறது. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் ஆபத்து மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்தும் வரும். அதற்காக இரண்டு கைகளையும் ஒரே இடங்களில் டேப்பால் அளந்து எழுதி வைப்பவர் ஒருவர் இருப்பார். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காலைவரை காத்திருக்கக் கூடாது, நடுராத்திரியானாலும் கிளம்பி வர வேண்டும் என்று மூன்று முறை சொல்லி, நம்மை ஒரு முறை திருப்பிச் சொல்ல வைத்தவர் ஒருவர் இருப்பார். மார்பகப் புற்றுநோய் வருபவர்களில் ஆண்கள் 1 சதவீதம் அளவுதான். பெண்கள் நிரம்பிய காத்திருப்பு அறையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கும் ஓர் ஆணிடம் இயல்பாகப் போய்ப் பேசியவர் ஒருவர் இருப்பார்.

படி 2: அன்றைக்கே குறித்து வையுங்கள்

கீமோ மூளையை மந்தமாக்கும். கூட இருப்பவருக்கோ தூக்கமின்மை. நினைவை நம்பாதீர்கள். மருந்துச் சீட்டுகள் வைக்கும் கோப்பின் கடைசிப் பக்கமோ, போனில் ஒரு குறிப்போ போதும். ஐந்து விஷயங்கள் வேண்டும்:

1. பெயர். சட்டையில் மாட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள்: "சிஸ்டர், உங்க பேரு என்ன? எழுதி வச்சுக்கறேன்." சிலர் புகார் செய்யப்போகிறார்களோ என்று பயப்படுவார்கள், "நல்லது சொல்றதுக்குத்தான்" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.
2. தேதியும் ஷிஃப்ட்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தாலும் டியூட்டி அட்டவணையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.
3. இடம். கீமோ டே கேர் (மருந்து ஏற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்பும் பிரிவு), அறுவை சிகிச்சை வார்டு, கதிர்வீச்சுப் பிரிவு, வெளிநோயாளர் பிரிவு என்று எதுவோ அது.
4. என்ன நடந்தது. இரண்டு வரி. அவர் சொன்ன சொல் நினைவிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள்.
5. அதனால் என்ன மாறியது. வலி குறைந்தது, பயம் போனது, ஆபத்து தவிர்ந்தது, நிறுத்திவிடலாம் என்றிருந்த சிகிச்சை தொடர்ந்தது.

ஐந்தாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறோம். பாராட்டுக்கு உயிரே அதில்தான் இருக்கிறது.

படி 3: நேரில் சொல்லுங்கள், ஆனால் நேரம் பார்த்து

மருந்து தயாரிக்கும்போதும், அளவு சரிபார்க்கும்போதும், ஷிஃப்ட் மாறும்போது ஒருவருக்கொருவர் விவரம் ஒப்படைக்கும்போதும் குறுக்கே பேசாதீர்கள். நன்றியாகவே இருந்தாலும் அந்த நேரத்தில் அது இடைஞ்சல்தான். ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்து அழுத்தும் அந்த ஒரு நிமிடம் நல்ல நேரம்.

நீளமாகப் பேச வேண்டாம். அவர் செய்த ஒரு செயல், அதனால் விளைந்த ஒன்று, அவ்வளவுதான். "போன தடவை வாந்தி மாத்திரையை எப்போ போடணும்னு நேரம் எழுதிக் கொடுத்தீங்க. இந்தத் தடவை அம்மா மூணு வேளையும் சாப்பிட்டாங்க சிஸ்டர்." இது போதும். அவருக்கு இது வெறும் நன்றி மட்டுமில்லை, தகவலும்கூட. தான் சொன்னது வேலை செய்ததா என்று செவிலியருக்குப் பெரும்பாலும் தெரியவே வராது. நோயாளி வீட்டுக்குப் போய்விடுகிறார்.

ஒன்றை மட்டும் மனதார வேண்டிக்கொள்கிறேன்: "நீங்க மனுஷியே இல்ல, தெய்வம்" என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். அன்பில் சொல்வதுதான், புரிகிறது. ஆனால் தெய்வத்துக்குக் கால் வலிக்காது, சம்பள உயர்வு வேண்டாம், விடுமுறை வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்த ஒரு மனிதருக்கு இவையெல்லாம் வேண்டும். "உங்களுக்கு வேலை அத்துப்படி சிஸ்டர்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறதென்று.

படி 4: எழுத்தில் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நேரில் சொன்னது அந்த அறையோடு நின்றுவிடும். எழுத்தில் கொடுத்தது அவருடைய பணிக் கோப்பில் இருக்கும். பதவி உயர்வின்போது, மேற்படிப்புக்கு அனுப்பும்போது, ஆண்டு மதிப்பீட்டின்போது யாரோ ஒருவர் கண்ணில் படும்.

யாருக்கு எழுதுவது? நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அல்லது அந்த மருத்துவமனையில் செவிலியர் துறைக்குத் தலைமை வகிப்பவர் யாரோ அவருக்கு. பதவியின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். வரவேற்பில் கேட்டால் சொல்வார்கள். நகல்களை வார்டு பொறுப்புச் செவிலியருக்கும், சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவருக்கும் கொடுங்கள். இன்னொரு நகல் கட்டாயம் அந்தச் செவிலியர் கையிலேயே போய்ச் சேர வேண்டும். மேலே போகும் கடிதங்கள் கீழே இறங்கி வருவதில்லை என்று செவிலியர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நட்சத்திரம் போடும் கருத்துப் படிவம் இதற்கு மாற்று ஆகாது. அதில் பெயர் எழுத இடம் இருந்தால் நிரப்புங்கள், தவறில்லை; ஆனால் கடிதத்தையும் தனியாகக் கொடுங்கள்.

மொழி அழகாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். உங்களுக்குச் சரளமான மொழியில் எழுதுங்கள். ஒரு மாதிரி தருகிறேன், உங்கள் விவரங்களைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்:

> செவிலியர் துறைத் தலைவர் அவர்களுக்கு,
>
> என் மனைவி உங்கள் மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறார். அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் (தேதி) இரவு ஷிஃப்ட்டில் செவிலியர் (பெயர்) பணியில் இருந்தார்.
>
> அன்று இரவு டிரெய்ன் குழாயில் வரும் திரவம் திடீரென்று நின்றுவிட்டது. புண் ஆறிவிட்டது போல என்று நாங்கள் நினைத்தோம். அவர் குழாயை முழுவதும் தடவிப் பார்த்து, உள்ளே ரத்தக்கட்டி அடைத்திருப்பதைக் கண்டுபிடித்து, மருத்துவரிடம் சொல்லிச் சரிசெய்தார். அப்புறம் என்னை உட்காரவைத்து, வீட்டில் இப்படி நடந்தால் என்ன பார்க்க வேண்டும், எப்போது போன் செய்ய வேண்டும் என்று என் கையாலேயே எழுத வைத்தார்.
>
> வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் மறுபடி குழாய் அடைத்தது. அந்தத் தாளை வைத்துத்தான் தாமதிக்காமல் அழைத்து வந்தோம்.
>
> அவருடைய கவனிப்பையும் கற்றுக்கொடுக்கும் திறனையும் நீங்கள் அறிய வேண்டும் என்று எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அவருடைய பணிக் கோப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நகலை அவரிடமும் கொடுத்திருக்கிறேன்.

கோப்பில் சேர்க்கச் சொல்லும் அந்த வரியை விட்டுவிடாதீர்கள். கேட்டால்தான் சேர்ப்பார்கள்.

ஒருமுறை கடிதத்தை வாசித்துப் பாருங்கள். நோயாளியின் நோய் விவரம் எவ்வளவு வெளியே போகலாம் என்பதை நோயாளியே முடிவு செய்ய வேண்டும். கணவர் எழுதினாலும் மகள் எழுதினாலும், அவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

படி 5: விருதுக்குப் பரிந்துரை செய்வது

பல மருத்துவமனைகள் மே 12 அன்று செவிலியர்களுக்கு விருது கொடுக்கின்றன. 1820இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள் அது. உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்பதால், இந்தத் துறைச் செவிலியருக்கான பாராட்டுகள் அப்போதும் நடக்கும். இரண்டுக்குமே பரிந்துரைக் கெடு முன்னதாகவே முடிந்துவிடும். ஒன்றிரண்டு மாதம் முன்பே விசாரியுங்கள்.

உலக அளவில் நோயாளிகளும் குடும்பத்தாரும் நேரடியாகப் பரிந்துரைக்கக்கூடிய ஒன்று டெய்சி விருது. பேட்ரிக் பார்ன்ஸ் என்பவர் 33 வயதில், நோய் எதிர்ப்பு அமைப்பு தன் உடலையே தாக்கும் ஒரு நோயால் இறந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கு நன்றி சொல்ல அவருடைய குடும்பத்தினர் 1999இல் தொடங்கிய அறக்கட்டளை தரும் விருது இது. இன்று பல நாடுகளில் இருக்கிறது. விருது பெறுபவருக்கு ஜிம்பாப்வே கலைஞர்கள் கையால் செதுக்கிய ஒரு கல் சிற்பம் கொடுப்பார்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருத்துவமனைகளில்தான் பரிந்துரைக்க முடியும். உங்கள் மருத்துவமனை சேர்ந்திருக்கிறதா என்று செவிலியர் அலுவலகத்தில் கேளுங்கள். டெய்சியில் முதலில் வந்தது பணமோ மேடையோ இல்லை, ஒரு குடும்பம் தாங்கள் பார்த்ததைச் சொல்ல விரும்பியது. அதனால்தான் அதன் பரிந்துரைகளுக்கு அடிப்படையே கதைதான்.

பரிந்துரை எழுதும்போது தேர்வுக் குழுவின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அவர்கள் முன் அடுக்காகத் தாள்கள் இருக்கும். எல்லாவற்றிலும் "மிகவும் அன்பானவர், எப்போதும் சிரித்த முகம்" என்று இருக்கும். அந்த அடுக்கில் இப்படி ஒன்று வந்தால்: "விக் வாங்கப் பயந்துகொண்டிருந்த என் தங்கைக்கு, முடி கொட்டத் தொடங்கும் முன்பே தலைமுடியின் நிறத்தையும் வகிட்டையும் போட்டோ எடுத்து வைக்கச் சொன்னார், முதல் கீமோ முடிந்து இரண்டு, மூன்று வாரத்தில் கொட்டும் என்று தேதியோடு சொன்னார், சொன்னபடியே கொட்டியபோது அவள் அழுதாள், ஆனால் அதிரவில்லை." இதைப் படித்தவர் மறக்க மாட்டார். பட்டங்களைத் தவிர்த்து, ஒரே ஒரு நாளை எடுத்து, அந்த நாளை முழுதாகச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் "குழுவாக வேலை செய்தல்", "நோயாளிக்காகக் குரல் கொடுத்தல்" என்று தலைப்புகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவம் வேண்டும். உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறதா? மற்றவற்றை உடன் பணிபுரிபவர்களிடம் கேட்டு வாங்குங்கள். நோயாளி பார்க்காததை அவர்கள் பார்த்திருப்பார்கள். அளவு தவறாக எழுதப்பட்ட ஒரு மருந்தை நிறுத்தி மருத்துவரிடம் கேள்வி கேட்ட செவிலியரைப் பற்றி நோயாளிக்குத் தெரியவே தெரியாது.

பரிசு, போட்டோ, முகநூல்

பரிசைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணமோ விலை உயர்ந்த பொருளோ கொடுக்காதீர்கள். பல மருத்துவமனைகள் அதைத் தடை செய்திருக்கின்றன. வாங்கினால் அவருக்குத்தான் சிக்கல். ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், எல்லா ஷிஃப்ட்டுக்கும் பொதுவாக இருக்கும்படி, விதிமுறையைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கையால் எழுதிய ஒரு அட்டை எந்த விதியிலும் மாட்டாது.

போட்டோ எடுத்துப் பொதுவில் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். பின்னால் இன்னொரு நோயாளியின் படுக்கையோ, பலகையில் பெயர்களோ தெரிகிறதா என்று பாருங்கள். தலைமுடி இல்லாமல் ஒருவர் மூலையில் உட்கார்ந்திருப்பது உங்கள் மகிழ்ச்சியான படத்தில் வந்துவிடக் கூடாது. அவர் இன்னும் தன் வீட்டாரிடமே சொல்லாமல் இருக்கலாம்.

படி 6: கண்ணில் படாதவர்களைத் தேடிப் போங்கள்

நாம் பாராட்டுவது நாம் விழித்திருக்கும்போது பார்த்தவர்களை. அறுவை அரங்கச் செவிலியர் நமக்கு மயக்கம் வரும் முன் ஒரு நிமிடம் கையைப் பிடித்திருப்பார், அவ்வளவுதான் தெரியும். எந்தப் பக்கத்து மார்பகம் என்று உறுதி செய்ததிலும், வெளியே எடுத்த திசு சரியான பெயரோடு பரிசோதனைக்குப் போனதிலும் அவருக்குப் பங்கு உண்டு. வார்டுக்கு எழுதும்போது "அன்று அரங்கில் இருந்த செவிலியர் குழுவுக்கும்" என்று தேதியோடு ஒரு வரி சேர்த்தால் போய்ச் சேரும்.

இரவு ஷிஃப்ட் செவிலியர்கள் விருது மேடைகளில் குறைவாகவே தெரிகிறார்கள். விழா நடக்கும் பகலில் அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். போனில் பதில் சொல்லும் செவிலியர், வீட்டுக்கு வந்து கட்டு மாற்றுபவர், கதிர்வீச்சில் வெந்த தோலுக்குத் தினமும் களிம்பு சொல்லிக்கொடுத்தவர், வார்டில் இருக்கும் ஆண் செவிலியர் ஆகியோரையும் நினைவில் வையுங்கள்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. எலும்புக்கோ கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ நோய் பரவிய நிலையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்கள். விழிப்புணர்வு மேடைகள் குணமானவர்களின் கதைகளால் நிரம்பியிருக்கும். அங்கே இவர்களுடைய வேலைக்கு இடம் கிடைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒருவரை மாதாமாதம் பார்த்து, வலியை அளந்து, மருந்து மாற மாற அவரோடு கூட நடந்து, கடைசியில் விடைகொடுக்கும் வேலை அது. பரிந்துரைக்க ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது என்றால் நான் இவர்களில் ஒருவரைத்தான் பரிந்துரைப்பேன்.

படி 7: நீங்களே நிகழ்ச்சி நடத்துகிறீர்களா?

மருத்துவமனை நிர்வாகத்துக்கும் நோயாளிகள் அமைப்புகளுக்கும் இந்தப் பகுதி.

முதலில், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை எழுதி வையுங்கள். "சிறந்த செவிலியர்" என்று பொதுவாக வைத்தால் பிரபலமானவர் ஜெயிப்பார். நோயாளிக்குக் கற்பித்தல், பாதுகாப்பு, அறிகுறிகளைச் சமாளித்தல், மனத்துணை, இளையவர்களுக்குப் பயிற்சி தருதல் என்று வேலையை வைத்துப் பிரியுங்கள். வாக்கெடுப்பு வேண்டாம், நண்பர்கள் அதிகம் உள்ளவருக்குத்தான் அது சாதகம்.

பரிந்துரைப் படிவம் அரைப் பக்கம் இருந்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லி யாராவது எழுதித் தரும் வசதி வேண்டும். நோயாளி பேசும் மொழி எதுவோ அதிலேயே வாங்குங்கள். தேர்வுக் குழுவில் சிகிச்சை முடித்த நோயாளி ஒருவராவது, படுக்கையோரம் இப்போதும் வேலை செய்யும் செவிலியர் ஒருவராவது இருக்கட்டும். படிக்கும்போது பெயரையும் வார்டையும் மறைத்துவிட்டால் இன்னும் நல்லது.

விழா நேரத்தை இரண்டாகப் பிரியுங்கள், இரவு ஷிஃப்ட்டுக்கு ஒன்று தனியாக. விருது பெறுபவருக்கு அன்று டியூட்டி இருந்தால் மாற்று ஆள் போடுங்கள். நிகழ்ச்சிக்கு வந்துவிட்டு, விட்ட வேலையை முடிக்க ஓடும் செவிலியரைப் பார்த்திருக்கிறேன்; மேடையில் பேசியவர்கள் எல்லோரும் அப்போது உட்கார்ந்திருந்தார்கள்.

கேடயத்தோடு நிறுத்தாதீர்கள். புற்றுநோய்ச் செவிலியத்தில் சிறப்புப் படிப்புக்குக் கட்டணம், கைவீக்கப் பராமரிப்புப் பயிற்சி, ஊதியத்தோடு கற்கும் நாட்கள் இவற்றில் ஒன்றையாவது விருதோடு சேருங்கள். கீமோ மருந்துகள் கையாள்பவருக்கும் தீங்கு செய்யக்கூடியவை. அதற்கான கையுறையும் மேலங்கியும் எப்போதும் தட்டுப்பாடின்றி இருக்கின்றனவா என்று பார்ப்பதும் செவிலியரை மதிப்பதில் ஒரு பகுதி. ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்ற எண்ணைக் குறைப்பதும் அப்படித்தான்.

பாராட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. வேகப்பந்து வீச்சாளர் கிளென் மெக்ராத்தின் மனைவி ஜேன் மெக்ராத்துக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சையில் தங்களுக்குக் கிடைத்த செவிலியரின் துணை எல்லாக் குடும்பங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து 2005இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஜேன் 2008இல் இறந்தார். சிட்னியில் ஆண்டுதோறும் நடக்கும் டெஸ்ட் போட்டியில் மூன்றாம் நாள் மைதானம் முழுக்க இளஞ்சிவப்பாக மாறுவது அவருடைய நினைவில்தான். திரளும் பணம் செவிலியர் பணியிடங்களுக்குப் போகிறது. மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமலே, கட்டணம் இல்லாமலே குடும்பங்கள் அந்தச் செவிலியரை அணுகலாம். அந்தத் தம்பதி தங்கள் செவிலியருக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தால் அது ஓர் அலமாரியில் இருந்திருக்கும். அதற்குப் பதிலாக அவரைப் போல இன்னும் பலர் வேலைக்கு வந்தார்கள்.

படி 8: நன்றியும் வருத்தமும் கலந்து இருந்தால்

எல்லோருடைய சிகிச்சையும் நல்ல நினைவாக இருப்பதில்லை. ஒரு செவிலியர் அருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்; அதே வார்டில் வேறு ஒன்று தவறாக நடந்திருக்கும். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள். புகார் வேறு பாதையில் போகும், பாராட்டு வேறு பாதையில் போகும். கலந்தால் புகார் பிரிவுக்குப் போய், பாராட்டப்பட்டவரின் பெயர் விசாரணைத் தாளில் வந்து நிற்கும்.

நோயாளி இறந்துவிட்டால்? பல குடும்பங்கள் அந்த வாசலுக்கே திரும்பப் போக முடியாமல் தவிக்கின்றன. போக வேண்டாம். தபாலில் அனுப்பலாம், மின்னஞ்சல் செய்யலாம். ஆறு மாதம் கழித்தோ இரண்டு ஆண்டு கழித்தோ எழுதினாலும் தாமதம் இல்லை. கடைசி நாட்களில் அவர் செய்த ஒரு சின்னச் செயலை எழுதுங்கள்: உதட்டை நனைத்தது, தலையணையைத் திருப்பிப் போட்டது, நேரம் ஆனாலும் பிள்ளைகளை வெளியே அனுப்பாமல் விட்டது. அந்த மரணத்தைச் செவிலியரும் வீட்டுக்குச் சுமந்து போயிருப்பார். தான் சரியாகப் பார்த்துக்கொண்டோமா என்ற கேள்விக்கு அவருக்குப் பதில் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

செவிலியர் வேலை மாறிப் போய்விட்டால், செவிலியர் அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். முகவரி தர மாட்டார்கள், தரவும் கூடாது, ஆனால் அனுப்பிவைப்பார்கள். பெயரே தெரியாவிட்டால் தேதி, ஷிஃப்ட், இடம் மூன்றையும் கொடுங்கள். நான் கடைசியில் அப்படித்தான் செய்தேன். அக்காவின் சிகிச்சைக் கோப்பில் இரண்டாவது கீமோவின் தேதி இருந்தது. பேனா வட்டத்தைப் பற்றி எழுதினேன். பதினோரு நாள் கழித்து செவிலியர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கண்டுபிடித்துவிட்டார்கள், கடிதம் கோப்பில் சேர்ந்தது, நகல் அவரிடம் கொடுக்கப்பட்டது. அடுத்த முறை டே கேருக்குப் போனபோது அவர் வந்து முதலில் அக்காவின் கையைத்தான் திருப்பிப் பார்த்தார்.